கடைசியாக வந்தவருக்குப் பேர்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் மொபெட்டில் போய்வந்த கிராம சுகாதார செவிலியர் அவர். ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊருக்கு இன்னும் நர்சம்மாதான். பிரசவம், தடுப்பூசி, ரத்தசோகை என்று பார்த்த வேலைகள் ஏராளம். பழைய கதை பேச உட்கார்ந்தால் மட்டும் முதலில் அவர் எடுப்பது ஒன்றரை மாதக் குழந்தையின் சாயங்கால அழுகையைத்தான். "காய்ச்சல்னா மருந்து இருக்கு. மஞ்சக் காமாலைன்னா லைட் வைப்பாங்க. இதுக்கு மட்டும் தெருவுல இருக்கிற எல்லாருமே டாக்டரு" என்பார்.

அந்த அழுகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நன்றாகப் பால் குடிக்கிற, எடை ஏறுகிற குழந்தை. பகலெல்லாம் சமர்த்து. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பிக்கும். முகம் சிவந்து, கை இறுகி, காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும். தூளியில் போட்டாலும் நிற்காது, தோளில் போட்டாலும் நிற்காது. ஒன்பது, பத்து மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோலத் தூங்கிவிடும். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும். டாக்டர்கள் 'கோலிக்' என்கிறார்கள். அமெரிக்காவில் மாரிஸ் வெஸ்ஸல் என்ற குழந்தை மருத்துவர் 1954-இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார்: ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக். கைக்குழந்தை அழும்போது கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளும் தாய் உண்டா என்று 2016-இல் யோசித்தார்களோ என்னவோ, வயிற்றுநோய் நிபுணர்களின் 'ரோம்' வரையறை அந்த மூன்றுகளைக் கைவிட்டுவிட்டது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் முதல் ஆறு வாரத்தில் ஐந்து குழந்தையில் ஒன்றுக்கு இது வருகிறது.

விருத்தாசலத்தில் அந்த ஐந்தில் ஒன்று பொம்மைப் பட்டறை வீடுகளிலும் பிறக்கும். பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் இந்த ஊருக்கு எவ்வளவு அடையாளமோ, பீங்கானும் அவ்வளவு. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டைகள் எல்லாம் இங்கே சூளையிலிருந்து வெளிவருகின்றன. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் பிசிறைச் சீவுவது, ஈரத் துணியால் துடைப்பது, வர்ணம் தீட்டுவது பெரும்பாலும் பெண்களின் வேலை. எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. 2017-இல் 26 வாரமான மகப்பேறு விடுப்பு, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பட்டறையின் வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. நவராத்திரி ஆர்டர் நெருங்கினால் இரண்டாம் மாதமே வேலைக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையவும் குழந்தை வீறிடவும் சரியாக இருக்கும். சூளைச் சூட்டில் நின்றவளின் பால் சூடாகிவிட்டது, அதுதான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று மாமியார் தீர்ப்புச் சொல்வார். முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விடச் சொல்வார்கள். தாய்ப்பால் சூளையில் சூடாவதில்லை என்பதை நர்சம்மா எத்தனை திண்ணையில் உட்கார்ந்து சொல்லியிருப்பாரோ!

மற்ற தீர்ப்புகளும் உண்டு. உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் கிடத்தி, இருவர் இரண்டு முனையைப் பிடித்துக் குழந்தையை இப்படியும் அப்படியும் உருட்டுவார்கள். குடலேற்றம் என்று ஒருவர் எண்ணெய் தடவி வயிற்றை வழிப்பார். தொக்கம் எடுக்க ஒரு வீடு, செவ்வாப்புக்கு வேறொரு வீடு, சீர் தட்டியதற்குத் தாயத்து. கழுதைப் பால்காரர் தெருவில் வந்தால் ஒரு சங்கு. நர்சம்மா வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வயிற்றில் சூடு வைத்த தழும்போடு வந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறார்.

இவற்றோடு அவர் ஒட்டுமொத்தமாகச் சண்டை போட்டதில்லை. போட்டிருந்தால் அடுத்த முறை கதவு திறந்திருக்காது. தொப்புளைச் சுற்றிப் பெருங்காயத்தைக் குழைத்துப் பூசினால் பூசிக்கொள்ளட்டும். வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி வாட்டிப் போடும் ஆயாவிடம், "உங்க கன்னத்துல வெச்சுப் பாத்துட்டுப் போடுங்க ஆயா" என்பதோடு சரி. வாய்க்குள் போவதிலும் உலுக்குவதிலும் மட்டும் அவர் இறங்கி வந்ததே இல்லை. கையில் வசம்பு கோத்துக் கட்டினால் சிரிப்பார். அதைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினால் குரல் உயரும். வசம்பில் இருக்கும் பீட்டா-அசரோன் விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்குவதால் அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. தேனில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது வரை கூடாது. சேலையில் உருட்டும்போது, கழுத்து நிற்காத குழந்தையின் தலை தனியாக ஆடுகிறது. மூளையில் ரத்தம் கசிய அது போதும்.

ஆங்கில மருந்து என்று வந்தவற்றின் கதையும் பெருமைப்படும்படி இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் 1851-இல் உருவாக்கிய கிரைப் வாட்டரில் சோயிக்கீரை விதை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, இவற்றோடு ஆல்கஹாலும் இருந்தது. குழந்தை அமைதியானதில் அதிசயம் இல்லை. பிரிட்டனில் ஆல்கஹாலை எடுத்தது 1992-இல்தான். வாயு கலைய என்று எழுதித் தரும் சிமெதிகோன் சொட்டு மருந்தை 1994-இல் வெளியான ஓர் ஆய்வு 83 குழந்தைகளிடம் சோதித்தது. வெறும் சொட்டை விட அது மேலாக எதுவும் செய்யவில்லை. டைசைக்ளோமின் நிஜமாகவே வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்தும். சில கைக்குழந்தைகளுக்கு மூச்சையும் நிறுத்தியது. ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு அது கூடவே கூடாது. பழைய பாட்டிலைப் பரணில் வைத்து அடுத்த பிள்ளைக்கு எடுக்கும் வீடுகளில் நர்சம்மா முதலில் தேடுவது இதைத்தான்.

அவருடைய தொழில் ரகசியம் என்று ஏதாவது உண்டென்றால், அது குழந்தையை முழுக்க அவிழ்த்துப் பார்ப்பது. ஆலடிப் பக்கம் ஒரு வீட்டில் உரம், தொக்கம், தாயத்து எல்லாம் முடிந்து, விடிய விடிய அழுத குழந்தை. ஜட்டி, காலுறை எல்லாவற்றையும் கழற்றினால், கால் சுண்டுவிரலில் ஒரு தலைமுடி சுற்றி இறுகி விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு முடி கொட்டும். அது துணிக்குள் போய் இப்படிச் சுற்றிக்கொள்வது மருத்துவ நூல்களில் இருக்கிற சங்கதிதான். முடியை வெட்டியதும் அழுகை நின்றது. இன்னொரு குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. குடல் முறுக்காக இருக்கலாம் என்று அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வைத்தார். காய்ச்சல், மலத்தில் ரத்தம், பால் மறுப்பு, துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைப்பது, தொடை இடுக்கில் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது கோலிக் கணக்கில் சேராது. இவை இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் "ஒண்ணுமில்ல" என்பார். பார்க்காமலே 'ஒன்றுமில்லை' சொல்கிறவர்கள் மேல் அவருக்குக் கோபம் உண்டு.

இப்படிப்பட்ட சந்தையில்தான் புரோபயாட்டிக் சொட்டு மருந்து வந்து சேர்ந்தது. சின்ன பாட்டில், தினம் 5 சொட்டு. அதில் 10 கோடி உயிருள்ள பாக்டீரியா. விலையில் ஒரு நாள் கூலி போய்விடும்.

பாக்டீரியாவைக் குழந்தைக்குக் கொடுப்பதா என்று முதலில் தயங்கியவர்கள் ஆயாக்கள் இல்லை, படித்த அப்பாக்கள். ஆயாக்களுக்கு அது சட்டென்று பிடிபட்டது. "தயிர்ல இருக்கிறதுதானே? அப்போ ரெண்டு சொட்டு மோர் வெச்சா ஆச்சு" என்றார் ஓர் ஆயா. கூர்மையான கேள்விதான். நர்சம்மா சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் இப்படி வரும்: தயிரில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, பசும்பால் புரதம் சில குழந்தைகளுக்கு ஆகாது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதற்கும் இடமில்லை. எல்லாவற்றையும் விட, கோலிக்கில் சோதித்துப் பார்த்த பாக்டீரியா வேறு. அதன் பெயர் லாக்டோபேசிலஸ் ரியூட்டரி. பெரு நாட்டுத் தாய் ஒருவரின் பாலிலிருந்து 1990-இல் பிரித்தெடுத்த இனத்தில், ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுத் துண்டுகளை நீக்கி உருவாக்கிய வகையின் எண் டிஎஸ்எம் 17938. அந்த எண்தான் முக்கியம். ரியூட்டரியிலேயே வேறொரு வகைக்கு இதே குணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. மூத்த பிள்ளையின் வயிற்றுப்போக்குக்கு வாங்கி மிச்சமான பேசிலஸ் கிளாசி குப்பியை உடைத்துச் சின்னதற்கு ஊற்றின வீடும் உண்டு. அதுவும் புரோபயாட்டிக்தானே என்பது அவர்கள் நியாயம். வயிற்றுப்போக்குக்கு வாங்கியதற்கும் கோலிக்குக்கும் சம்பந்தம் இல்லை.

இந்தச் சொட்டுக்கு முதலில் பேர் வாங்கித் தந்தது இத்தாலியின் டுரின் நகரம். பிரான்செஸ்கோ சவீனோ குழுவினர் 2007-இல் 83 தாய்ப்பால் குழந்தைகளிடம் இதன் முன்னோடி வகையைச் சிமெதிகோனோடு ஒப்பிட்டார்கள். 28-ஆம் நாளில் ரியூட்டரி குடித்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு அழுகை பாதிக்கும் மேல் குறைந்தது. சிமெதிகோனில் 7 சதவீதம். பிறகு 2010-இல், 50 குழந்தைகளிடம் டிஎஸ்எம் 17938-ஐயும் பாக்டீரியா இல்லாத வெறும் சொட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரியூட்டரி குழந்தைகள் நாளுக்கு 370 நிமிட அழுகையிலிருந்து 21-ஆம் நாளில் 35 நிமிடத்துக்கு இறங்கினார்கள்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த 35-ஐத்தான். நர்சம்மா விரல் வைப்பது பக்கத்துக் கட்டத்தில். பாக்டீரியாவே இல்லாத சொட்டைக் குடித்த குழந்தைகளும் 300 நிமிடத்திலிருந்து 90-க்கு வந்திருந்தார்கள். மருந்து எதுவும் உள்ளே போகாமலே மூன்று வாரத்தில் மூன்றரை மணி நேரம் குறைந்திருக்கிறது.

அவருடைய முப்பது வருடத் திண்ணை அனுபவத்துக்கு இந்த எண்கள் பொருந்தின. குழந்தையின் அழுகை இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்கி ஆறாம் வாரத்தில் உச்சிக்குப் போய் மூன்றாம் மாதம் முடிவதற்குள் தானாக இறங்குகிறது. பெர்ரி பிரேசல்டன் 1962-இல் வரைந்து காட்டிய வளைவு இது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் குழந்தையை நாள் முழுக்க உடம்போடு சுமக்கும் குங் சான் மக்களிடமும் அழுகையின் மொத்த நேரம் குறைவே தவிர, வளைவு அதேதான். இப்போது விருத்தாசலத்து வீட்டுக்கு வாருங்கள். நாலாம் வாரம் எண்ணெய்க்காரர் வருகிறார், அழுகை ஏறுகிறது. அவர் கைராசி இல்லாதவர். ஐந்தாம் வாரம் கிரைப் வாட்டர், இன்னும் ஏறுகிறது. ஆறாம் வாரம் டாக்டரை மாற்றுகிறார்கள், உச்சம். ஏழாம் வாரம் தாயத்துக் கட்டுகிறவர் வருகிறார். எட்டாம் வாரம் அழுகை குறைகிறது. காலத்துக்கும் அவருக்குத்தான் பேர். அந்த இடத்தில் தாயத்துக்குப் பதில் விலை கூடிய சொட்டு மருந்து இருந்தால் பேர் அதற்குப் போகும். "கடைசியா வந்தவங்களுக்குத்தான் பேரு. நான் கடைசியா வராம பாத்துக்குவேன்" என்று சிரிப்பார். பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்கும் அரசுத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள் என்று முறை உண்டு. அந்த 42-ஆம் நாள் சரியாக உச்சியில் விழுகிறது. திட்டம் போட்டவர்கள் அழுகையை நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். நர்சம்மா அதை அதற்குத்தான் பயன்படுத்திக்கொண்டார்.

சொட்டு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி வந்தால் அவர் முதலில் தினசரி காலண்டரைக் கழற்றி வரச் சொல்வார். ஒவ்வொரு தாளின் மூலையிலும், அழுகை ஆரம்பித்த நேரம், ஓய்ந்த நேரம். எழுதத் தெரியாதவர்கள் அரை மணிக்கு ஒரு கோடு. மூன்று நாள் கோடுகளைப் பார்த்தாலே சில வீடுகளில் விஷயம் மாறிவிடும். 'ராத்திரி பூரா' என்பது இரண்டு மணி நேரமாகச் சுருங்கும். சில வீடுகளில் நிஜமாகவே ஐந்து மணி நேரம் இருக்கும். அங்கே தாயின் கண்ணைப் பார்த்தாலே போதும், கோடு தேவையில்லை. அப்படிப்பட்ட, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு டாக்டர் ரியூட்டரி எழுதினால் அவர் தடுத்ததில்லை. நாலு ஆய்வுகளின் 345 குழந்தைகளை ஒன்றாக்கி 2018-இல் வெளியிட்ட அலசலும் அங்கேதான் பலன் கண்டது. புட்டிப்பால் குழந்தைகளுக்கு அது நிரூபணமாகவில்லை. புட்டிப்பால் குழந்தைகளையும் சேர்த்து 167 பேரிடம் நடந்த மெல்பர்ன் ஆய்வில் (2014) ஒரு மாத முடிவில் சொட்டுக் குடித்தவர்களே நாளுக்கு 49 நிமிடம் அதிகமாகச் சிணுங்கினார்கள். இரண்டாம் மாதம் வேலைக்குப் போய்ப் பவுடர் பாலுக்கு மாறும் பொம்மைப் பட்டறைப் பெண்ணுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது: பவுடர் டப்பாவையும் சொட்டு மருந்தையும் சேர்த்து வாங்குவதை விட, பாலைப் பீய்ச்சி வைத்துப் பாலாடையில் புகட்ட மாமியாரைப் பழக்குவது மலிவு. பீய்ச்சிய பால் வெளியில் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும், வெயில் காலத்தில் அதற்கும் குறைவு.

பாட்டிலுக்கும் வெயில் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று அட்டையில் போட்டிருக்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரை வீட்டின் மாடத்தில் இருக்கும் பாட்டிலில், பத்துக் கோடியில் எத்தனை உயிரோடு இருக்கும்? ஃபிரிட்ஜ் உள்ள பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுச் சாயங்காலம் போய்ச் சொட்டு விட்டு வந்த தாய்மார் உண்டு. சூடான பாலில் கலந்து கொடுத்தவர்களும் உண்டு.

இதுவரை சொன்னது அழத் தொடங்கிய குழந்தைக்கு. அழாமலே இருக்க, பிறந்த நாளிலிருந்தே கொடுத்தால் என்ன? இத்தாலியில் பிளாவியா இண்ட்ரியோ குழு ஒன்பது மருத்துவமனைகளில் இதைச் செய்து பார்த்து 2014-இல் வெளியிட்டது. மூன்று மாதத்தில், சொட்டுக் குடித்த குழந்தைகள் நாளுக்கு 38 நிமிடம் அழுதார்கள். குடிக்காதவர்கள் 71 நிமிடம். 2019-இல் காக்ரேன் அமைப்பு ஆறு ஆய்வுகளை, 1,886 குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தது. கோலிக் வருவதைத் தடுக்கிறது என்று சொல்லத் தெளிவான ஆதாரம் இல்லை. அழும் நேரம் மட்டும் சராசரியாக நாளுக்கு 32 நிமிடம் குறைகிறது.

நம் நாட்டிலேயே நடந்த பெரிய ஆய்வு ஒன்றைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. பினாகி பாணிகிரகி குழு ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட அந்த ஆய்வில், ஏழே நாள் கொடுத்த பாக்டீரியா, ரத்தத்தில் கிருமி பரவுவதையும் சாவையும் 40 சதவீதம் குறைத்தது. அபாரமான முடிவு. ஆனால் அங்கே கொடுத்தது லாக்டோபேசிலஸ் பிளான்டாரம். தேடியது உயிரை, அழுகையை அல்ல. அதைக் காட்டி இதை விற்க முடியாது. குறைமாதக் குழந்தை என்றால் கணக்கே வேறு: புரோபயாட்டிக் கொடுத்த குறைமாதக் குழந்தை ஒன்று அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. எடை குறைந்த பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று கடையில் கேட்டு வாங்குகிறவர்களிடம் நர்சம்மா பாட்டிலைப் பிடுங்காத குறை.

தடுப்பு என்றால் அவர் பேசுவது சீம்பாலை. பிறந்த குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைக்காமல் முதல் மணி நேரத்தில் மார்பில் போடுவது. தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அதிகமாக இருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அவை குடலில் இருக்கும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கான சாப்பாடு. அந்தப் பாக்டீரியாவைப் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிசியே 1899-இல் கண்டெடுத்ததே தாய்ப்பால் குழந்தையின் மலத்தில்தான். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்கிறது 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பு. வயிற்றைக் கிழித்துப் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் பாக்டீரியா சேருவது தாமதமாகும். அதனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சீம்பால் இரண்டு மடங்கு அவசியம் என்பார். இதனால் சாயங்கால அழுகை குறையுமா என்று கேட்டால், "அழுவும். அழுதாலும் நல்லா இருக்கும்" என்பதுதான் பதில்.

இந்த இடத்தில் அவருக்கும் ஊரில் இருக்கும் ஓர் இளம் குழந்தை மருத்துவருக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பிரசவம், சிசேரியன், தாய் சீக்கிரம் வேலைக்குப் போகவேண்டிய வீடு என்றால் டாக்டர் பிறந்த வாரத்திலேயே ரியூட்டரி எழுதிவிடுகிறார். நிறைமாதக் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. 32 நிமிடம் என்றால் 32 நிமிடம். நாள் முழுக்கக் குனிந்து வர்ணம் தீட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்த அரை மணித் தூக்கம் எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியாதா அம்மா என்று கேட்கிறார். தெரியும் என்கிறார் நர்சம்மா. மாதா மாதம் பாட்டிலுக்குப் போகும் காசில் அவள் முட்டையும் பயறும் சாப்பிடட்டும், அந்த அரை மணி நேரம் பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள புருஷன்காரனுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்கிறார். டாக்டர் அப்படியும் ஒரு சீட்டு எழுதியிருக்கிறார், 'சாயங்காலம் 6 முதல் 8 வரை, தந்தை' என்று. சொட்டு மருந்தையும் அதே சீட்டில் எழுதினார்.